மைதானத்து ஓரத்தில் நிற்கப்போவது யார்?

மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி, முள்ளிக்குளம் விளையாட்டுக் கழகங்களின் தம்பிமாருக்கு,



கழகத் தலைவர், செயலாளர் என்று பெயர் குறித்து எழுதாமல் எல்லாருக்கும் பொதுவாக எழுதக் காரணம் இருக்கிறது. அஸர் தொழுதுவிட்டு மைதானத்தில் இறங்குகிற உங்களில் பாதிப் பேருக்குத்தான் ஆட இடம் கிடைக்கும். மீதிப் பேர் கோட்டுக்கு வெளியே குந்திக்கொண்டு, யார் யார் என்ன பிழை விடுகிறார்கள் என்று சத்தம் போட்டபடி இருப்பீர்கள். இந்த மடல் முதலில் அந்தக் குந்தியிருக்கிறவர்களுக்கு. ஆடுகிறவர்களும் வாசிக்கலாம், ஒருநாள் அவர்களுக்கும் முழங்கால் போகும்.

மன்னார் மாவட்டத்தில் உதைபந்தாட்டம் எப்படிப்பட்டதென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நாடே கிரிக்கெட்டின் பின்னால் ஓடுகிறபோதும் இங்கே ஒரு ஞாபகார்த்தக் கிண்ணத்துக்கு நோட்டீஸ் ஒட்டினால் போதும், லேன்மாஸ்டரில் ஏறியாவது சனம் வந்துவிடும். அணி இருக்கிறது, முகாமையாளர் இருக்கிறார், கட்டாரிலிருந்து ஜேர்சிக்குக் காசு அனுப்புகிற நானா இருக்கிறார், ஒலிபெருக்கியில் மூச்சுவிடாமல் பேசுகிற அறிவிப்பாளரும் இருக்கிறார். எனக்குத் தெரிந்த பெரும்பாலான கிராமக் கழகங்களில் இல்லாத ஒரே ஆள் கோச்தான். வயதில் மூத்த ஒரு வீரர் நடுக்களத்தில் நின்றபடியே மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். அவருக்கு வெளிநாட்டு விசா வந்தால் அந்தப் பயிற்சியும் அதே விமானத்தில் ஏறிவிடும்.

இதைப் பற்றி யோசிக்க வைத்தவர் ஓர் அமெரிக்கர். பெயர் நிக் சேபன். அவருடைய ஆட்டம் நம்முடைய உதைபந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் எறிந்தும், சுமந்துகொண்டு ஓடியும், ஆளை ஆள் மோதி விழுத்தியும் ஆடுகிற அமெரிக்கன் புட்போல். அங்கே பல்கலைக்கழக அணிகளின் ஆட்டத்துக்குக் கூடும் கூட்டத்தை நம்மால் நினைத்துப் பார்க்கவே முடியாது. அலபாமா பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேர் உட்காரலாம். அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2007 முதல் 2023 வரை தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்த சேபன் அங்கே ஆறு தேசியப் பட்டங்களை வென்றார். அதற்கு முன் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2003இல் வென்றதையும் சேர்த்தால் ஏழு. கடைசிக் காலத்தில் அவருடைய சம்பளம் ஆண்டுக்கு ஒரு கோடி டொலரைத் தாண்டியது.

அந்த ஒரு கோடியை விட்டுவிடுங்கள். அவர் எங்கே தொடங்கினார் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

மேற்கு வேர்ஜீனியாவில் நிலக்கரி தோண்டுகிறவர்களின் ஊர்கள் இருக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் சேபனின் தகப்பன் பெற்றோல் நிலையம் வைத்திருந்தார். அதே தகப்பன்தான் சுற்றுவட்டாரச் சிறுவர் அணிக்குக் கோச். சம்பளம் கிடையாது. மலையிடுக்குகளில் சிதறிக்கிடந்த வீடுகளிலிருந்து பிள்ளைகள் பயிற்சிக்கு வர வழியில்லை என்பதற்காக ஒரு பழைய பஸ்ஸை வாங்கி, அவர்களை ஏற்றி இறக்கினார். மகன் நிக்குக்குப் பெற்றோல் நிலையத்தில் கார் கழுவுகிற வேலை. கழுவிய காரில் ஒரு கோடு தெரிந்தாலும் தகப்பன் திரும்பவும் முழுக்கக் கழுவச் சொல்வார். அதனால் கறுப்பு, கடுநீலக் கார்கள் வந்தாலே தனக்கு வெறுப்பாக இருந்தது என்று பின்னாளில் சேபன் சொல்லியிருக்கிறார். அந்த நிறங்களில்தான் துடைத்த தடம் பளிச்சென்று தெரியும்.

கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவர் தற்காப்பு வீரராக ஆடினார். நட்சத்திரம் என்று சொல்லும்படி இல்லை. படிப்பு முடிந்தது. கோச் ஆகவேண்டும் என்ற எண்ணமே அவரிடம் இருக்கவில்லை. மனைவிக்கு இன்னும் ஓராண்டுப் படிப்பு மீதி இருந்ததால் ஊரைவிட்டுப் போகமுடியவில்லை. அணியின் பயிற்றுவிப்பாளர் டொன் ஜேம்ஸ், சும்மா இருக்கிற நேரத்துக்கு எனக்கு உதவியாளாக இரேன் என்று கூப்பிட்டார். 1973இல் அப்படித்தான் தொடங்கியது. அங்கே அந்த வேலையில் எடுபிடிதான் அதிகம். எதிரணியின் ஆட்டத்தைப் படமாகப் பார்த்துக் குறிப்பெடுப்பது, பயிற்சிக்கு முன் கூம்புகளை அடுக்குவது, கடைசி வீரன் போனபிறகு எல்லாவற்றையும் எடுத்துவைப்பது.

அதன்பிறகு நடந்ததை வேகமாகச் சொல்கிறேன், இல்லாவிட்டால் ரயில் நிலையப் பெயர்ப்பட்டியல் மாதிரி ஆகிவிடும். சிரகியூஸ், மேற்கு வேர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், கடற்படைக் கல்லூரி, மிச்சிகன் ஸ்டேட், பிறகு ஹூஸ்டன் தொழில்முறை அணி. எல்லாம் உதவியாளர் வேலை. ஒஹாயோவில் வேலையும் பறிபோனது. 1990இல்தான் டொலிடோ என்ற, அவ்வளவு பேரில்லாத பல்கலைக்கழகத்தில் முதல்முறையாகத் தலைமைப் பயிற்றுவிப்பாளர் ஆனார். வயது 38. இடையில் பதினேழு ஆண்டுகள் போயிருந்தன. ஓராண்டில் அதையும் விட்டுவிட்டு, இன்னொருவருக்குக் கீழே தற்காப்புப் பயிற்சியாளராகக் கிளீவ்லண்ட் தொழில்முறை அணிக்குப் போனார். தலைவராக இருந்தவர் ஏன் மறுபடி உதவியாளராகப் போகவேண்டும்? அங்கே தலைமையில் இருந்தவர் பில் பெலிசிக். அவரிடம் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. கழகத் தலைவர் பதவி பறிபோனால் அடுத்த நாளே புதுக் கழகம் தொடங்குகிற நம் ஆட்களுக்கு இந்த இடத்தை நான் இரண்டு தடவை வாசித்துக்காட்ட விரும்புகிறேன்.

தம்பிமாரே, அந்த நாட்டில் இது ஒருவருடைய கதை மட்டும் இல்லை. அங்கே கோச் என்பது படிக்கட்டுள்ள தொழில். கீழே எடுபிடி உதவியாளர். அதற்கு மேல் ஒரு பிரிவுக்கு மட்டும் பொறுப்பானவர். அதற்கு மேல் தாக்குதல் முழுவதற்கும் அல்லது தற்காப்பு முழுவதற்கும் பொறுப்பானவர். உச்சியில் தலைமைப் பயிற்றுவிப்பாளர். படி ஏற ஏற ஊரும் மாறும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறும். ஒரு தலைமைப் பயிற்றுவிப்பாளரிடம் வேலைபார்த்த உதவியாளர்கள் பிறகு எங்கெங்கே தலைவர் ஆனார்கள் என்று அங்கே வம்சாவளி மாதிரி வரைந்து வைத்திருக்கிறார்கள். சேபனிடம் உதவியாளராக இருந்த கெர்பி ஸ்மார்ட் 2021, 2022 பருவங்களில் ஜோர்ஜியா பல்கலைக்கழகத்துக்குத் தேசியப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அதில் முதல் பட்டம் குருவின் அலபாமாவையே இறுதியாட்டத்தில் தோற்கடித்து எடுத்தது.

அங்கே எல்லாம் நல்லது என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2023 நவம்பரில் ஜிம்போ பிஷர் என்ற பயிற்றுவிப்பாளரை வேலையிலிருந்து நிறுத்தியபோது, ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டியிருந்தது ஏழரைக் கோடி டொலருக்கு மேல். வேலை செய்யாமல் இருப்பதற்குக் கூலி! ஆடுகிற மாணவர்களுக்கோ 2021 வரை தங்கள் பெயரை வைத்து ஒரு விளம்பரத்தில்கூடச் சம்பாதிக்க அனுமதி இருக்கவில்லை. முதுகு முறிய மோதுகிறவன் பொடியன், கோடி வாங்குகிறவர் ஓரத்தில் நிற்கிறவர். அந்த அநியாயத்தை நாம் இறக்குமதி செய்யவேண்டாம். படிக்கட்டை மட்டும் பார்ப்போம்.

“அது அமெரிக்கா நானா, நம்மட ஆக்களுக்கு எங்கே நடக்கும்?” என்று கேட்பீர்கள். நம்மட ஆட்களுக்கும் நடந்திருக்கிறது.

மலேசியாவின் கே. ராஜகோபால் தமிழர். முன்னாள் தேசிய வீரர். 2009 டிசம்பரில் லாவோஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அவர் பயிற்றுவித்த இளம் அணி இறுதியாட்டத்தில் வியட்நாமை 1–0 என்று வென்று, இருபது ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவுக்கு உதைபந்தாட்டத் தங்கம் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே, பெரும்பாலும் அதே பொடியன்களை வைத்து, தென்கிழக்காசியக் கிண்ணத்தை மலேசியா வரலாற்றில் முதல்தடவையாக வென்றது. கோலாலம்பூரில் 3–0 வெற்றி, ஜகார்த்தாவில் இந்தோனேசியக் கூட்டத்தின் நடுவில் 1–2 தோல்வி, மொத்தத்தில் 4–2. அவருக்கு உதவியாளராக இருந்த ஒங் கிம் சுவீ 2011இல் தலைமைப் பயிற்றுவிப்பாளராக நின்று அதே தென்கிழக்காசியத் தங்கத்தை மறுபடி வென்றார். ராஜகோபாலின் தங்கத்தைவிட எனக்கு இந்த இரண்டாவது தங்கம்தான் பெரிதாகப் படுகிறது. ஓர் ஆள் வென்றால் அது அவருடைய திறமை. அவரிடம் உதவியாளாக நின்றவரும் வென்றால் அங்கே ஏதோ கற்றுக்கொடுக்கப்பட்டிருக்கிறது.

சிங்கப்பூரின் வி. சுந்தரமூர்த்தியை வயதானவர்கள் ஆட்டக்காரராக நினைவு வைத்திருப்பார்கள். 1989இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம்வரை போய் ஆடியவர். பயிற்றுவிப்பாளராகி, மலேசிய லீக்கில் ஆடிய சிங்கப்பூர் அணியான லயன்ஸ் டுவெல்வைக் கூட்டிக்கொண்டுபோய் 2013இல் அந்த லீக்கையே வென்றார். பிறகு சிங்கப்பூர்த் தேசிய அணி அவர் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் சையத் சபீர் பாஷா, இந்தியன் வங்கி அணியில் ஆடியவர். சென்னையின் எப்.சி.யில் தலைமைப் பயிற்றுவிப்பாளர்கள் ஒவ்வொருவராக வெளிநாட்டிலிருந்து வந்து போய்க்கொண்டிருந்தபோது இவர் உதவியாளராகவே நின்றார். 2022 பெப்ரவரியில் தலைமை இடம் திடீரென்று காலியானபோது, அந்தப் பருவத்தின் மீதி ஆட்டங்களுக்கு அவரைத்தான் கூப்பிட்டார்கள். இலங்கையில் பக்கீர் அலியை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய அணிக்குத் தலைவராக இருந்தவர், டாக்காவில் ஆபஹானி கழகத்தின் பின்களத்தில் ஆடிப் பெயர் எடுத்தவர், பங்களாதேஷிலேயே கழகங்களைப் பயிற்றுவித்தவர், கடைசியில் நம் தேசிய அணிக்கும் பயிற்றுவிப்பாளர் ஆனார்.

இவர்கள் எல்லாருமே பெயர்பெற்ற வீரர்கள், எங்களுக்கு அந்தத் தகுதி இல்லையே என்று கோட்டுக்கு வெளியே குந்தியிருக்கிற தம்பி நினைக்கக்கூடும். மொறீன்யோவை உங்களுக்குத் தெரியும். ஆட்டக்காரராக அவரை யாருக்கும் நினைவில்லை. பொபி றொப்சன் என்ற ஆங்கிலேயப் பயிற்றுவிப்பாளர் போர்த்துக்கலுக்கு வந்தபோது மொழிபெயர்ப்பாளராகக் கூட நின்றவர். றொப்சன் பேசுவதை வீரர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தொழிலைக் கற்றார். அவரோடு போர்ட்டோ போனார், பார்சிலோனா போனார். 2004இல் போர்ட்டோவை வைத்து ஐரோப்பியச் சம்பியன் ஆனார்.

இனி நம் கரைக்கு வருவோம். 1900களின் தொடக்கத்தில் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் இந்த மணலில் கூடாரப் பட்டினமே எழுந்தது. 1905ஆம் ஆண்டின் குளிப்பு மிகப் பெரியது. அரபு நாட்டிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சுழியோடிகள் வந்தார்கள். சுழியோடி கல்லில் கால்வைத்து இறங்குவார். மேலே தோணியில் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கீழே இழுப்பு வந்த கணமே அவர் தூக்கவேண்டும். கொஞ்சம் பராக்குப் பார்த்தாலும் ஓர் உயிர் போய்விடும். அந்தக் கயிற்றுக்காரர் தண்ணீரில் இறங்குவதே இல்லை. ஆனால் சுழியோடியின் மூச்சு எவ்வளவு என்று அவருக்குத் தெரியும். கோச்சின் வேலை அது.

இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உங்கள் வாப்பாமார் கையில் கிடைத்ததோடு புத்தளம் போனார்கள். உங்களில் பலர் பிறந்ததே அங்கேதான். முள்ளிக்குளத்துச் சனமும் யுத்தத்தில் ஊரைவிட்டுப் போய், அங்கே கடற்படை முகாம் இருந்ததால் திரும்பி வர வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்றும் ஒரு வீடு இங்கே, ஒரு வீடு புத்தளத்தில் என்று எத்தனை குடும்பங்கள்! பள்ளி விடுமுறை வந்தால் அணி நிறையும், பள்ளி தொடங்கினால் பாதி கரையும். அமெரிக்கக் கோச் குடும்பம் ஊர்விட்டு ஊர் போவது அவர்களுடைய விருப்பத்தில். நம் சனம் போனது அப்படி அல்ல. ஆனால் இப்படிக் கரைந்து கூடுகிற அணிக்குத்தான் நிலையாக ஓர் ஆள் வேண்டும். வீரர்கள் வந்து போவார்கள், யார் எந்த இடத்தில் ஆடினான், எதில் பலவீனம் என்பது ஒருவரிடம் எழுத்தில் இருந்தால் விடுமுறைக்கு வருகிறவன் முதல்நாளே அணியில் பொருந்திவிடுவான்.

எழுத்தில் என்று சொன்னேன். ஓர் உதாரணம் காட்டுகிறேன். சோளகம் வீசுகிற மாதங்களில் உங்கள் மைதானத்தில் கடல்பக்கக் கோல் காப்பவன் உதைத்தால் பந்து எங்கே விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டியே போய்விடும். மறுபாதியில் காற்றுக்கு எதிரே உதைக்கிறவனின் பந்து நடுக்கோட்டுக்கே வராது. ஆகாயத்தில் நின்று திரும்பி விழும், அதே இடத்தில் எதிரணித் தாக்குதல்காரன் காத்திருப்பான். எத்தனை கோல் அப்படி வாங்கினோம்! ஆனாலும் எதிர்க்காற்றிலும் உயரமாகத்தான் உதைக்கிறோம். குந்தியிருக்கிற தம்பி ஒரு சீ.ஆர். கொப்பியில் இதை மட்டும் ஒரு மாதம் குறித்துப் பார்க்கட்டும்: எதிர்க்காற்றில் எத்தனை உதை நடுக்கோடு தாண்டியது, எத்தனை நேரே எதிரியின் காலுக்குப் போனது. பிறகு கோல் காப்பவனைக் கூப்பிட்டு, பக்கப் பின்களவீரனுக்குத் தரையோடு தள்ளிக்கொடுக்கப் பழக்கட்டும். நாணயச் சுழற்சியில் வென்றால் எந்தப் பாதியில் காற்றை எடுப்பது என்று அணித்தலைவனுக்குச் சொல்லட்டும். இதற்கு அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. கோச் வேலை இப்படித்தான் தொடங்கும்.

அனுமதிப்பத்திரமும் வேண்டும்தான், அது இரண்டாவது படி. ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் பயிற்றுவிப்பாளர் படிகள் டி, சி, பி, ஏ என்று போய், உச்சியில் புரோவில் முடியும். டி படி சில நாள் வகுப்புதான். மைதானத்திலும் நடக்கும், வருகிறவர்களே மாறிமாறிப் பயிற்சி கொடுத்துக் காட்டவேண்டும். எப்போது, எங்கே வகுப்பு என்பதை மன்னார் லீக்கிலும், முசலிப் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடமும் கேட்டுக்கொண்டே இருங்கள். ஒருதடவை கேட்டுவிட்டு விட்டுவிட்டால் அறிவித்தல் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் போகும். கொழும்பை நம்பி மட்டும் இருந்தால் சரிவராது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை: நிர்வாகத்தில் வெளியார் தலையிட்டதாகச் சொல்லி 2023 ஜனவரியில் ஃபிபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. அதற்கெல்லாம் மறிச்சுக்கட்டிப் பொடியன்கள் என்ன செய்தார்கள்?

கோச் வேலையை மட்டும் நம்பி இந்த நாட்டில் அடுப்பு எரியாது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. சம்பளத்தோடு அதைச் செய்யவேண்டுமானால் வேறு வழியால் உள்ளே போகவேண்டும். உடற்கல்வி ஆசிரியராகக் கல்வியியற் கல்லூரிக்குப் போகலாம். உயர்தரத்தில் நல்ல பெறுபேறு வந்தால் சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் படிக்கலாம். விளையாட்டு உத்தியோகத்தர் பதவிக்கும் முயலலாம். கடலுக்குப் போகிற தம்பி கடலுக்கே போகட்டும், பின்னேரத்தில் கோச்சாக இருக்கட்டும். சேபனின் தகப்பனும் பெற்றோல் அடித்துக்கொண்டேதான் கோச்சாக இருந்தார். அந்தப் பழைய பஸ்ஸைப் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் பின்னாளில் ஏழு பட்டம் எடுத்தது. நமக்கு பஸ் இல்லாவிட்டால் என்ன, பாலைக்குளியிலிருந்து பொடியன்களை ஏற்றிவர ஒரு லேன்மாஸ்டர் கிடைக்காதா?

உங்கள் தங்கச்சிமார் மைதானத்து வேலியோரம் நின்று பார்ப்பதையும் கவனித்திருக்கிறேன். அதைப் பற்றி எழுத வேண்டியது தனி மடல். இப்போதைக்கு ஒன்று மட்டும்: ஒரு பெண்பிள்ளை ஆட்டத்தைப் பார்த்துக் குறிப்பெடுக்க விரும்பினால் அவள் கையிலும் ஒரு கொப்பியைக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அடுத்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவுக்கு முன்னால் பயிற்றுவிப்பாளராகப் படிக்கப்போகிற இரண்டு பேரைத் தெரிவு செய்யுங்கள். இரண்டு பேர் வேண்டும், ஏனென்றால் ஒருவர் வெளிநாடு போய்விடுவார். ஒருவர் இருபத்தைந்து வயதுக்குக் கீழே இருக்கவேண்டும். இந்த வருடத்துப் புது ஜேர்சியை விடுங்கள், போனவருடத்து ஜேர்சி இன்னும் கிழியவில்லை. அந்தக் காசை அவர்களுடைய போக்குவரத்துக்கும் வகுப்புக் கட்டணத்துக்கும் எடுத்து வையுங்கள். கட்டாரில் இருக்கிற நானாவுக்கும் இதையே எழுதிக் கேளுங்கள். தெரிவான இரண்டு பெயர்களையும் கூட்டம் முடிந்த அந்த வாரமே முசலி விளையாட்டு உத்தியோகத்தரின் மேசையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஆட்டங்களைக் கோட்டோரத்தில் நின்று பார்க்கிற ஒரு நானா